தண்டனையின் பொருளும் மறக்கருணையும்

(கும்பாபிஷேக விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யாகசாலை வேள்விகள் நிறைவெய்தி, விமானக் கலசங்களில் புனித நீர் வீழ்ந்து, மூலவரைக் கண்குளிரக் கண்டு வணங்கிய மகிழ்ச்சியோடு நாம் இங்கே கூடியிருக்கின்றோம். இத்தகைய மங்கலப் பொழுதில் 'தண்டனை' என்னும் சொல்லைத் தலைப்பில் வைத்துப் பேச முற்படுவது பொருந்துமா என்று அன்பர்கள் சிலர் ஐயுறக்கூடும். அவ்வையம் நீங்குதற்குக் கூத்தப்பெருமானின் திருவுருவத்தைச் சிறிது உற்று நோக்குதலே போதும். ஊன்றிய திருவடியின் கீழ் முயலகன் கிடக்கின்றான். அவன் அழிக்கப்படவில்லை; அடக்கப்பட்டிருக்கின்றான். ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்பர் ஆன்றோர். ஒறுத்தலும் அருளலும் ஒரே திருமேனியில், ஒரே கணத்தில் உடன் நிகழ்கின்றன. ஆதலின் இப்பொருள் திருக்கோயிலுக்குப் புறம்பானதன்று.

மூன்று வினாக்களை எடுத்துக்கொள்வோம். தண்டனை என்பது யாது? அது எப்பொழுது நியாயமாகும்? அன்பே வடிவான இறைவன் தண்டிக்கின்றான் என்று கூறுவது பொருந்துமா? இவற்றுள் மூன்றாவது வினா ஏட்டளவில் நிற்பதன்று. தீரா நோயுற்றவர் இல்லத்திலும், பெற்ற மகவை இழந்த தாயின் நெஞ்சிலும், "யான் என்ன பாவம் செய்தேன்?" என்று நாள்தோறும் எழுகின்ற வினா அது. அதற்கு நாம் சொல்லும் விடை ஒருவருடைய புண்ணை ஆற்றவும் கூடும்; கிளறவும் கூடும். ஆகவே அளவை நூலார் காட்டிய நெறியில் நின்று, ஒவ்வோர் அடியாக வைத்துச் செல்லுதல் நம் கடமை.

தண்டனையின் இலக்கணம்

ஒரு பொருளுக்கு இலக்கணம் வகுக்குங்கால் அவ்வியாப்தி, அதிவியாப்தி, அசம்பவம் என்னும் மூன்று குற்றங்களும் அணுகாமல் வகுத்தல் வேண்டும் என்பர் தருக்க நூலார். 'துன்பம் தருவது தண்டனை' என்று மட்டும் கூறினால் அஃது அதிவியாப்தி ஆகிவிடும். மருத்துவர் கட்டியைக் கீறும்போதும் துன்பம் உண்டு. கல் இடறி வீழ்ந்தாலும் துன்பம் உண்டு. அவற்றைத் தண்டனை என்று எவரும் சொல்வதில்லை.

எனவே நான்கு அடையாளங்களைச் சேர்த்தல் வேண்டும். ஒன்று, அது விரும்பத்தகாத ஒன்றாய் இருத்தல். இரண்டு, முன் செய்த ஒரு குற்றத்தின் பொருட்டு நேர்தல். மூன்று, குற்றம் செய்தவன்மேலேயே விழுதல். நான்கு, ஒறுக்கும் உரிமை உடையவரால் அறிந்து செய்யப்படுதல். இவற்றுள் இரண்டாவது குறைந்தால் அது வெறுங்கொடுமை. மூன்றாவது குறைந்தால், தந்தை பட்ட கடனுக்கு மகனைக் கட்டிவைத்தல் போன்ற அநீதி. நான்காவது குறைந்தால் அது பழிவாங்குதல். தெருவில் ஒரு திருடனைப் பிடித்துக் கூட்டமாகச் சேர்ந்து அடிப்பவர்கள் தாங்கள் நீதி வழங்குவதாக எண்ணுகின்றனர். அவர்கள் செய்வது தண்டனையன்று; இரண்டாவது குற்றம்.

வள்ளுவப் பெருந்தகையிடத்து ஒரு முரண்பாடு இருப்பதாகச் சிலர் கூறுவதுண்டு. தமக்குத் தீங்கு செய்தவர் நாணுமாறு அவர்க்கு நன்மை செய்துவிடுக என்று இன்னா செய்யாமை அதிகாரத்தில் அவர் கூறுகின்றார். செங்கோன்மை அதிகாரத்திலோ, கொடியவரை அரசன் ஒறுத்தல் பயிர் காக்கக் களை எடுப்பதற்கு ஒப்பாகும் என்கின்றார். நாம் மேலே கண்ட நான்காவது அடையாளத்தைப் பொருத்திப் பார்த்தால் முரண்பாடு இல்லை என்பது விளங்கும். முன்னது தன்னளவில் நிற்கும் சான்றோனுக்கு உரிய அறம். பின்னது பிறர் உயிரையும் உடைமையையும் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவனுக்கு உரிய அறம்.

மேனாட்டார் கண்ட இரு நெறிகள்

தண்டனை ஏன் நியாயம் என்னும் வினாவுக்கு மேனாட்டு அறிஞர்கள் இரு வகையாக விடை கூறியுள்ளனர். ஒரு சாரார் சென்ற காலத்தை நோக்குகின்றனர். மற்றொரு சாரார் வருங்காலத்தை நோக்குகின்றனர்.

ஜெர்மானியத் தத்துவ ஞானியாகிய காண்ட் 1797-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். ஒரு தீவில் வாழும் மக்கள் அனைவரும் கூடிப் பேசி, சமுதாயத்தையே கலைத்துவிட்டு உலகெங்கும் பிரிந்து செல்ல முடிவு செய்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுதும், சிறையில் எஞ்சியுள்ள கடைசிக் கொலையாளிக்கு உரிய தண்டனையை நிறைவேற்றிவிட்டே அவர்கள் புறப்பட வேண்டும் என்றார் அவர். அத்தண்டனையால் எவருக்கும் இனி நன்மை விளையப்போவதில்லை. ஆயினும் செய்தவன் அதற்கு உரியவன் என்பதே போதிய காரணம் என்பது அவர் கொள்கை.

மற்றைச் சாரார் இதனை ஒப்புவதில்லை. நிகழ்ந்துவிட்ட செயலை நிகழாததாக ஆக்க எவராலும் இயலாது. ஆகவே அறிவுடையோன் வருங்காலத்தைக் கருதியே ஒறுப்பான் என்னும் வாதம் பிளேட்டோவின் உரையாடல் ஒன்றிலேயே காணப்படுகின்றது. இத்தாலியராகிய பெக்காரியா 1764-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், தண்டனையின் கொடுமையைக் காட்டிலும் அது தப்பாமல் வரும் என்னும் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று வாதித்தார். சித்திரவதையையும் மரண தண்டனையையும் எதிர்த்தார். ஆங்கில அறிஞராகிய பெந்தாம் 1789-ஆம் ஆண்டு நூலில், தண்டனை எதுவாயினும் தன்னளவில் தீமையே; அதனினும் பெரிய தீமையை விலக்குமானால் மட்டுமே அதனை ஏற்கலாம் என்றார்.

இவ்விரண்டையும் நடுவு நின்று ஆராய்வோம். சென்றதை மட்டும் நோக்கும் நெறியில் ஒரு குறை உண்டு. ஒருவன் ஒரு கண்ணைக் குருடாக்கினான். அவன் கண்ணையும் குருடாக்கினோம் என்றால் உலகில் குருட்டுக் கண்கள் இரண்டாயினவேயன்றி, இழந்த கண் திரும்ப வரவில்லை. ஒரு துன்பத்தோடு மற்றொரு துன்பத்தைக் கூட்டினால் இன்பம் வருவது எங்ஙனம் என்னும் வினாவுக்கு அந்நெறியில் தக்க விடை இல்லை.

வருவதை மட்டும் நோக்கும் நெறியிலோ அதனினும் பெரிய அபாயம் உண்டு. ஊரார் அஞ்சி அடங்குவதே தண்டனையின் பயன் என்றால், குற்றவாளி அகப்படாதபோது நிரபராதி ஒருவனைப் பிடித்துத் தண்டித்தாலும் அப்பயன் கிடைத்துவிடுமே! ஊரார் உண்மையை அறியாதிருந்தால் போதும். மதுரையில் கோவலனுக்கு நேர்ந்தது என்ன? அரசியின் சிலம்பு கிடைத்துவிட்டது, கள்வன் ஒழிந்தான் என்று நகரம் நம்பியது. நம்பிக்கையளவில் எல்லாம் முறையாகவே நடந்தது. ஆனால் கண்ணகியின் சிலம்பு உடைந்து, முத்துக்கு மாறாக மாணிக்கப் பரல் தெறித்தபோது, அது தண்டனையே அன்று, கொலை என்பது பாண்டியனுக்கே விளங்கியது. அதன் பின் அவன் உயிர் தரிக்கவில்லை.

ஆகவே இரு நெறிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்றல் வேண்டும். ஆற்றுக்குக் கரையும் வேண்டும், நீரும் வேண்டும். 'செய்தவனை மட்டுமே, செய்த அளவுக்கே' என்பது கரை. 'அவன் திருந்தவும் பிறர் காக்கப்படவும்' என்பது நீர். கரையில்லா நீர் ஊரை அழிக்கும். நீரில்லாத கரைகளால் ஒரு பயிரும் விளையாது.

நம் நூல்கள் காட்டும் வரம்புகள்

இக்கரை எவ்வளவு உயர்ந்திருத்தல் வேண்டும் என்பதை நம் இதிகாச புராணங்கள் நுட்பமாக உணர்த்துகின்றன.

மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் ஆணிமாண்டவ்யர் வரலாறு உள்ளது. மௌன விரதம் பூண்டிருந்த முனிவரின் ஆசிரமத்தில் கள்வர் திருட்டுப் பொருளை ஒளித்துவைத்தனர். விரதத்தால் முனிவர் விடை கூறவில்லை. அரசன் ஆட்கள் அவரையும் கள்வரோடு சேர்த்துக் கழுவில் ஏற்றினர். உயிர் நீங்காது பிழைத்த முனிவர், பின்னர்த் தருமதேவதையை நேரே கண்டு, தமக்கு இத்துன்பம் நேர்ந்த காரணத்தை வினவினார். இளமையில் சிற்றுயிர்களைத் துரும்பால் குத்தியதன் பயன் என்று விடை வந்தது. முனிவர் அதனை ஏற்கவில்லை. அறியாப் பருவத்தில் செய்த சிறு பிழைக்கு இத்துணைப் பெருந்தண்டனையா என்று கேட்டு, பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் செய்யும் செயலுக்குப் பாவம் இல்லை என்று வரம்பு வகுத்தார். தருமனை மண்ணுலகில் பிறக்குமாறும் சபித்தார். அவ்வாறு பிறந்தவரே விதுரர்.

இக்கதையின் துணிவை எண்ணிப் பாருங்கள். தருமதேவதையே தண்டித்தாலும், அறிவும் அளவும் நோக்காத தண்டனை அறமாகாது என்று நம் இதிகாசம் தீர்ப்புச் சொல்கின்றது. 1860-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் செயல் குற்றமாகாது என்றது. சித்த சுவாதீனம் இல்லாதவனுக்கும் விலக்கு அளித்தது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அவ்விலக்குகளை வைத்துக்கொண்டிருக்கின்றது. மாண்டவ்யர் எழுப்பிய வினா இன்றளவும் நீதிமன்றத்தில் ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றது.

அடுத்து, திருவாரூரில் அரசு புரிந்த மனுநீதிச் சோழர். இளவரசன் வீதிவிடங்கனின் தேர்க்காலில் ஓர் ஆன்கன்று அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. நூல் விதித்த கழுவாயைச் செய்தால் போதும் என்றனர் அமைச்சர். அரசர் கேட்ட மறுகேள்வி தருக்க நூலுக்கே அணியாவது. வேறொருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்வேன். என் மகன் கொன்றால் கழுவாய் செய்விப்பேன் என்றால், அவ்விரண்டு தீர்ப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு யாது? 'அவன் என் மகன்' என்பது ஒன்றே. அது நீதிக்குக் காரணமாகாது என்பது அவர் முடிபு. இலங்கையின் பழைய வரலாற்று நூலாகிய மகாவம்சமும் எல்லாள மன்னனைப் பற்றி இதே போன்ற ஒரு வரலாற்றைக் கூறுகின்றது. பகைநாட்டு வேந்தனாக அவனைக் கருதியவர்களும் அவன் நடுவுநிலைமையைப் போற்றி எழுதிவைத்தனர்.

இங்கே ஒரு தடை எழும். இளவரசன் வேண்டுமென்று கொல்லவில்லையே. மாண்டவ்யர் கதையில் கண்ட நீதி இவனுக்கு இல்லையா? நியாயமான தடைதான். இவ்வரலாற்றில் நாம் கற்கவேண்டுவது தண்டனையின் கடுமையை அன்று. ஒரே குற்றத்துக்கு இரு அளவுகோல் கூடாது என்பதையே. கடுமையைப் பொறுத்தவரையில், முடிவுரையை எழுதியவர் தியாகராசப் பெருமானே. மாண்ட கன்றும், இளவரசனும், இளவரசனைக் கொல்ல மனம் வராது தன்னுயிர் நீத்த அமைச்சனும் உடன் எழுந்தனர். அரசர் தம் கடமையைச் செய்தார்; இறைவன் அக்கடமையின் துயரைத் துடைத்தான்.

இதனோடு மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றையும் வைத்துப் பார்த்தல் வேண்டும். திருநீற்று வேடத்தில் வந்து தம்மைக் குத்திய முத்தநாதனை, எவரும் தீண்டாதபடி எல்லை கடத்திவிடுமாறு மெய்க்காவலனாகிய தத்தனிடம் பணித்தார் அவர். அவரும் அரசரே. அங்கே மகனையும் விடாத நீதி. இங்கே கொலையாளனையும் காக்கும் பொறுமை. எது சரி? இரண்டும் சரியே. மெய்ப்பொருளார் பொறுத்தது தமக்கு இழைத்த தீங்கை. மனுநீதியார் பொறுக்க மறுத்தது பசுவுக்கு இழைத்த தீங்கை. மன்னிக்கும் உரிமை துன்புற்றவருக்கே உண்டு. பசுவின் துயரைப் பசு மன்னிக்கலாம். அதன் சார்பில் அரசன் மன்னித்தால் அது பெருந்தன்மையன்று, பிறர் பொருளைத் தானம் செய்தல் போன்றது.

இறைவன் ஒறுத்தல் யாங்ஙனம்?

இனி மூன்றாவது வினாவுக்கு வருவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதனை நேர்நின்று ஆராய்கின்றார். இறைவன் செய்யும் நிக்கிரகமும் அன்பின் செயலே என்பது அவர் துணிபு. அதனை விளக்க அவர் காட்டும் உவமைகள் மூன்று. சொற்கேளாத மகனை அடித்துத் திருத்தும் பெற்றோர். குற்றவாளியைத் தண்டித்து நல்வழிப்படுத்தும் அரசன். சில நோயைக் கீறி அறுத்தும் சில நோயைப் பாலொடு மருந்து கலந்து ஊட்டியும் தீர்க்கும் மருத்துவன். இதனையே நம் பெரியோர் மறக்கருணை என்று பெயரிட்டு வழங்கினர். இனியது அளித்து ஆட்கொள்ளுதல் அறக்கருணை. இன்னாதது அளித்து ஆட்கொள்ளுதல் மறக்கருணை. இரண்டிலும் கருணை என்னும் சொல் நிற்றலைக் கருதுக.

ஓர் உவமை போதாதோ, மூன்று எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வோர் உவமையும் ஓர் எல்லையில் நின்றுவிடுகின்றது என்பதே அடியேன் கருதும் காரணம். பெற்றோர் உவமை அன்பைக் காட்டுகின்றது. ஆனால் பெற்றோர் சில வேளைகளில் தம் சினத்துக்காகவும் அடிப்பதுண்டு. அரசன் உவமை நடுவுநிலைமையைக் காட்டுகின்றது. ஆனால் பாண்டியன் பிழைத்ததுபோல் அரசன் பிழைத்தலும் உண்டு. மருத்துவன் உவமை அறிவையும், தீர்க்கும் நோக்கத்தையும் காட்டுகின்றது. ஆனால் மருத்துவன் நோயாளிக்கு உறவினன் அல்லன். அன்பு, நடுவுநிலைமை, பிழையா அறிவு என்னும் மூன்றும் ஒருங்கே கூடிய இடம் ஒன்றே ஒன்று. அவ்விடத்தில் மட்டுமே தண்டனையும் அருளும் வேறறக் கலத்தல் கூடும்.

எதிர்வாதி விடமாட்டார். "முற்பிறப்பில் செய்ததை நாங்கள் அறியோம். குற்றம் இன்னதென்று அறிவிக்காமல் தண்டிப்பது எந்த நாட்டு நீதி?" என்பார். இஃது எளிதில் தள்ளத்தக்க வினாவன்று. மகன் தான் செய்ததை அறிவான். குற்றவாளிக்குத் தீர்ப்பு வாசிக்கப்படும். அறியாத வினைக்கு அவ்விரு உவமைகளும் பொருந்தா. ஆயின் மருத்துவன் உவமை பொருந்தும். மருந்தின் கூறுகளை நோயாளி அறியாவிட்டாலும் மருந்து வேலை செய்கின்றது. எனவே காரணம் அறியாத துன்பத்தை நாம் தீர்ப்பு என்று எண்ணி நடுங்குதல் வேண்டா. மருந்து என்று கொள்ளுதலே சித்தாந்தத்துக்கு இயைந்தது. வினை அறிவற்ற சடமாதலின் அது தானே வந்து பற்றாது. உயிர் தாங்கும் அளவும், பக்குவம் எய்தும் முறையும் அறிந்து ஊட்டுபவன் ஒருவன் உளன். கணக்கனுக்கும் மருத்துவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இராவணன் வரலாற்றை நினைவு கூர்க. கயிலையைப் பெயர்க்க முனைந்தவனைப் பெருமான் திருவிரலால் ஊன்றி அடர்த்தான். அவன் தருக்கு நீங்கிச் சாமகீதம் பாடியவுடன் விரலை எடுத்தான். வாளும் நாளும் கொடுத்தனுப்பினான். திருஞானசம்பந்தர் தம் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாடலில் இந்நிகழ்ச்சியை மீண்டும் மீண்டும் வைத்துப் பாடியிருப்பதன் நோக்கம் யாது? ஊன்றியதைச் சொல்வதோடு அவர் பெரும்பாலும் நிற்பதில்லை. அருளியதையும் உடன் சொல்கின்றார். தருக்கு நீங்கிய கணமே தண்டனையும் நீங்கிற்று. நோக்கம் நிறைவேறியபின் ஒரு கணமும் நீளாத தண்டனையே முழு நீதியான தண்டனை.

பிறர் துன்பமும் நம் கடமையும்

அன்பர்களே, இதுகாறும் கூறியவற்றிலிருந்து ஒரு முடிபு கட்டாயமாகப் பெறப்படுகின்றது. தண்டனை நியாயமாவதற்குச் செய்த செயலை அறிதல் வேண்டும். செய்தவன் உள்ளத்தை அறிதல் வேண்டும். எவ்வளவு, எதுவரை என்று அறிதல் வேண்டும். ஒறுக்கும் உரிமையும் வேண்டும். பிறர் ஒருவர் துன்புறுங்கால் இந்நான்கனுள் ஒன்றும் நம்மிடம் இல்லை. ஆகவே, "அவர் செய்த பாவத்துக்கு அனுபவிக்கின்றார்" என்று கூறும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை. தமக்கு வந்த துன்பத்தை ஒருவர் மறக்கருணை என்று ஏற்றுக்கொண்டால் அது பக்குவம். அதே சொல்லைப் பிறர் துன்பத்தின்மேல் வைத்தால் அது கொடுமை. சொல் ஒன்றே, நிற்கும் இடத்தால் அறமும் பாவமும் ஆகின்றது.

பிறர் துன்பம் இறைவன் தந்த மருந்தாயின், அதனை நாம் நீக்க முயல்வது தவறாகாதோ என்றும் ஒரு தடை கூறுவர். மருத்துவன் கீறிய புண்ணுக்குக் கட்டுப் போடுதல் மருத்துவனுக்கு மாறானதன்று. அன்றியும், அத்துன்பம் எந்நாளில் முடிதல் வேண்டும் என்று அவன் வகுத்தானோ, நம் கையால் அது முடியவேண்டும் என்றே வகுத்தானோ, யார் அறிவார்? திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் 'ஊரார் வினை' என்று சொல்லிவிட்டு இருக்கவில்லை. இறைவனிடம் நாள்தோறும் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுது ஊட்டினர். பசித்தவரிடம் வினைக்கொள்கை பேசாமல் சோறு இட்டதே அவர்கள் நமக்குக் காட்டிய சித்தாந்தம்.

'சாமி கண்ணைக் குத்திவிடும்' என்று நம் இல்லங்களில் குழந்தைகளை அச்சுறுத்தும் வழக்கத்தையும் தாய்மார்கள் விட்டொழித்தல் வேண்டும். மாண்டவ்யர் குழந்தைகளுக்காகப் பெற்றுத் தந்த விலக்கை நாமே பறித்தல் ஆகாது. அச்சத்தோடு வளரும் குழந்தை, பெரியவனானபின் கோயிலைவிட்டு ஓடும். அல்லது கடவுளுக்குக் கையூட்டுக் கொடுக்கக் கற்றுக்கொள்ளும்.

தண்டனையில் ஏற்றிய விளக்கு

புரவலர்கள் நிறைந்த இவ்வவையில் கல்வெட்டுச் செய்தி ஒன்றைச் சிறப்பாகக் கூற விரும்புகின்றேன். சோழர் காலக் கல்வெட்டுகள் சிலவற்றில், வேட்டையில் எய்த அம்பு தவறிப்பட்டு மனிதன் இறந்தமை போன்ற, கருதாது நேர்ந்த கொலைகள் பற்றிய செய்திகள் உள்ளன. ஊரவையோர் கூடி ஆராய்ந்து, செய்தவனிடம் கொல்லும் எண்ணம் இல்லாமையைக் கண்டு, அவன் உயிரைக் கொள்ளாமல், திருக்கோயிலில் விளக்கு எரிக்க வகைசெய்யுமாறு பணித்தனர். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் என்பது அக்காலக் கல்வெட்டுகள் பலவற்றில் காணும் அளவு. 'சாவா மூவாப் பேராடு' என்று அவற்றைக் குறித்தனர். ஆடுகள் இறப்பினும் குட்டிகளால் தொகை குறையாது நிற்கும், நெய்யும் தடையின்றி வரும் என்பது கருத்து.

இத்தீர்ப்பில் நாம் தேடிய எல்லாம் இருக்கின்றன. விசாரணை உண்டு, உள்ளத்தை நோக்குதல் உண்டு, செய்தவன் பொருளை இழத்தலும் உண்டு. ஒரு கண்ணுக்கு மறு கண் என்று இருளைப் பெருக்காமல், ஒரு விளக்கை ஏற்றிவைத்தனர் நம் முன்னோர். இன்றைய சட்டத்திலும் இதன் சாயல் தோன்றத் தொடங்கியுள்ளது. பாரதிய நியாய சன்ஹிதா சிறு குற்றங்கள் சிலவற்றுக்குச் சமூக சேவையைத் தண்டனையாக முதன்முதலாகத் தண்டனை வகைகளுள் சேர்த்தது. மரண தண்டனை நம் நாட்டுச் சட்டத்தில் இன்னும் இருக்கின்றது. ஆயினும் அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே அது விதிக்கப்படலாம் என்று 1980-ஆம் ஆண்டு பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. களையெடுக்கும் அரசுக்கும் கை நடுங்கவேண்டிய இடம் அது. மாண்டாரை எழுப்பும் ஆற்றல் திருவாரூர்ப் பெருமானிடம் உண்டு; நீதிபதியிடம் இல்லை. பிழையைத் திருத்த இயலாதவர், திருத்த இயலாத தண்டனையைத் தொடும்போது எத்துணை அஞ்சினாலும் தகும்.

இறுதியாக ஒன்று. பிறருக்குத் தீங்கு செய்துவிட்டு, அதனை ஆண்டவனுக்குக் காணிக்கை செலுத்திக் கழித்துவிடலாம் என்று எவரும் எண்ணற்க. திருவாரூரில் இறைவன் பசுவின் தலைக்குமேல் அரசனை மன்னித்துவிடவில்லை; பசுவுக்கு அதன் கன்றை மீட்டுக் கொடுத்தான். ஆகவே அயலானிடம் பெற்ற கடனை அயலானுக்குத் திருப்பித் தந்துவிட்டு, ஏய்த்த பங்காளிக்கு அவன் பங்கை அளித்துவிட்டு, அதன் பின் உண்டியலில் ஒரு காசு இட்டாலும் அது பொன்மலையாகும். அவ்வாறு செய்யாது இடும் பொன்மலை அபராதமும் ஆகாது, காணிக்கையும் ஆகாது.

இத்திருக்கோயிலில் இன்று ஏற்றிய விளக்குகள் அச்சத்தால் ஏற்றியவை அல்ல; அன்பால் ஏற்றியவை. அவ்வொளியில் நம் குற்றத்தை நாம் காண்போமாக. பிறர் குற்றத்தைக் காண்பதற்குமுன் அவர் துன்பத்தைக் காண்போமாக. ஊன்றிய திருவடியையும் தூக்கிய திருவடியையும் ஒருங்கே வணங்கும் அறிவை எம்பெருமான் நம் அனைவருக்கும் அருள்வானாக. திருப்பணி செய்தோரும், செய்வித்தோரும், கண்டு மகிழ்ந்தோரும் குடியும் குலமும் தழைத்து நீடு வாழ்வார்களாக.

திருச்சிற்றம்பலம்.